பிரசென்டேஷன் எங்கே பழுதாகிறது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

ஆபீஸில் ஒரு பிரசென்டேஷன் சொதப்பினால் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "கான்ஃபிடன்டா பேசுங்க." இதை வைத்துக்கொண்டு எதையும் சரி செய்ய முடியாது. கை நடுங்குவது ஒரு பழுது, பாதியில் மறந்துபோவது வேறு பழுது, எதிரே இருப்பவர்கள் போனை நோண்டுவது இன்னொன்று. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. நம்பிக்கை என்று நாம் சொல்கிற சமாச்சாரம் பெரும்பாலும் இந்தப் பழுதுகள் ஒவ்வொன்றாகக் குறைந்த பிறகு தானாக வந்து சேர்வது. முதலில் அதை வரவழைத்துக்கொண்டு பிறகு பேசப் போகலாம் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை, இது எல்லோருக்கும் பொது.

முதல் சோதனை: பழுது எந்தப் பக்கம்?

கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஸ்லைடு எதையும் திறக்க வேண்டாம். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, சொல்ல வந்த விஷயத்தை மூன்று நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது, ஏனென்றால் மனதுக்குள் எல்லோரும் அருமையாகத்தான் பேசுகிறோம்.

தனியாக இருக்கும்போதே தடுமாறினால் பிரச்சினை பயம் இல்லை, விஷயம் இன்னும் உங்களுக்கே முழுதாகக் கோர்வையாகவில்லை. தனியாகச் சரளமாக வந்து, ஆட்கள் முன்னால் மட்டும் உடைந்தால் அது உடம்பு சம்பந்தப்பட்டது. டீம் முன்னால் நன்றாக வந்து, மேலதிகாரிகள் முன்னால் மட்டும் சிக்கினால், அநேகமாக அவர்கள் கேட்க வந்தது ஒன்று, நீங்கள் சொல்வது வேறொன்று. மூன்றாவது வகையில் இருப்பவர்கள்தான் தங்களுக்குக் கூச்சம் அதிகம் என்று தப்பாக முடிவு கட்டிக்கொள்கிறார்கள்.

"கை நடுங்குது, வாய் வறண்டு போகுது, குரல் உடையுது"

இது அட்ரினலின் வேலை. ஆபத்து வந்துவிட்டது என்று உடம்பு நினைத்து இதயத்தை வேகமாக ஓட்டுகிறது, தசைகளை முறுக்குகிறது, அந்த நேரத்துக்கு அவசரமில்லாத உமிழ்நீரைக் குறைத்துவிடுகிறது. "பயப்படாதே" என்று உத்தரவு போட்டால் கேட்காது. மூச்சைக் கேட்கும். உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும்: நாலு எண்ணி இழுத்து, ஆறோ எட்டோ எண்ணி மெதுவாக விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும், அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம். உங்கள் முறை வருவதற்கு முந்தைய இரண்டு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

அப்புறம், நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற எதையும் கையில் பிடிக்காதீர்கள். ஒற்றைத் தாள் படபடவென்று அடித்துக்கொள்ளும். லேசர் பாயின்டர் அதை விட மோசம், விரலில் இருக்கிற சின்ன நடுக்கம் சுவரில் ஒரு முழ நீளத்துக்கு ஆடும். குறிப்பு வேண்டுமானால் கெட்டி அட்டையில் எழுதுங்கள், இல்லையென்றால் மேஜைமேல் வைத்துவிடுங்கள். மூடியைக் கழற்றிய தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும் (மூடியைத் திருகுவது நடுங்கும் கைக்கு ஒரு பெரிய வேலை). பேசுவதற்கு முன் வழக்கத்தை விட ஒரு காபி கூடுதலாகக் குடிப்பது ஓடுகிற இதயத்தை இன்னும் விரட்டுவதுதான்.

நடுக்கம் பொதுவாக முதல் ஓரிரு நிமிடத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய வேலையே இருக்கக் கூடாது.

இதில் ஆராய்ச்சி சொல்கிற இரண்டு விஷயம் நடைமுறைக்கு உதவும். ஹார்வர்டில் அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களை விட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்பைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒன்றுதான், பெயரை மாற்றுவது அதை அணைப்பதை விட சுலபம். இன்னொன்று உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்டது: நம் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதை நாம் மிகையாக மதிப்பிடுகிறோம், அந்த உண்மையை முன்கூட்டியே விளக்கிச் சொன்னால் போதும், பேச்சே மேம்படுகிறது. ஆகவே "ஸாரி, கொஞ்சம் நெர்வஸா இருக்கேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதுவரை கவனிக்காதவர்களும் அதற்குப் பிறகு உங்கள் கையைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

இதற்கெல்லாம் அடங்காத அளவுக்குப் பயம் இருக்கிறது, பிரசென்டேஷன் வரும் என்பதற்காகவே பதவி உயர்வை வேண்டாம் என்கிறீர்கள், வாரக்கணக்கில் தூக்கம் போகிறது என்றால் இந்தக் கட்டுரையோடு நிற்காமல் மனநல நிபுணரைப் பாருங்கள். சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தருகிறது. மேடை நடுக்கத்துக்கு, இதயத் துடிப்பைத் தணிக்கிற ப்ராப்ரனலால் மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அது டாக்டர் எழுதித் தர வேண்டிய மருந்து, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து, நண்பரிடம் வாங்கிப் போட்டுக்கொள்கிற விஷயம் கிடையவே கிடையாது.

"பாதியில் எல்லாம் மறந்து போச்சு"

அநேகமாக வரிக்கு வரி மனப்பாடம் செய்திருப்பீர்கள். மனப்பாடத்தில் ஒரு வார்த்தை நழுவினால் அதைப் பிடித்துக்கொண்டு வர வேண்டிய அடுத்த வார்த்தையும் நழுவும். முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் மனப்பாடம் போதும். நடுவில் இருப்பதற்கு வரிசை மட்டும் தெரிந்தால் போதும்: இந்த ஸ்லைடு முடிந்ததும் அடுத்ததற்கு எப்படித் தாவுகிறேன் என்கிற இணைப்பு வாக்கியம். "சரி, செலவு இவ்வளவு ஆகிறது, இது ஏன் கூடியது என்று பார்ப்போம்" என்பது போல. பெரும்பாலானவர்கள் ஸ்லைடுக்குள் மறப்பதில்லை, இரண்டு ஸ்லைடுக்கு நடுவில்தான் மறக்கிறார்கள். ஒத்திகையையும் அங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்த நொடியில் என்ன செய்வது? கடைசியாகச் சொன்னதை வேறு வார்த்தையில் ஒருமுறை சொல்லுங்கள். அல்லது தண்ணீர் குடியுங்கள். ஐந்து நொடி மௌனம் உங்களுக்கு யுகமாகத் தெரியும், கேட்பவர்களுக்கு நீங்கள் யோசித்துப் பேசுவதாகத் தெரியும்.

"யாரும் கவனிக்கல, போனைப் பார்க்கிறாங்க"

இதுதான் ஆபீஸில் அதிகம் நடப்பது, இதற்குத்தான் தப்பான வைத்தியமும் அதிகம். குரலை ஏற்றுவது, ஜோக் சொல்வது, அனிமேஷன் போடுவது எல்லாம் பயன்படாது, ஏனென்றால் பழுது ஸ்லைடில் இருக்கிறது.

காரணம் எளிது. மனதுக்குள் வாசிப்பது வாய்விட்டுப் பேசுவதை விட வேகமானது. ஸ்லைடில் எட்டு வரி போட்டு அதையே நீங்கள் வாசித்தால், நீங்கள் மூன்றாவது வரியில் இருக்கும்போது அவர்கள் எட்டையும் முடித்துவிட்டார்கள். மீதி நேரம் அவர்களுக்கு வேலையில்லை, போனை எடுக்கிறார்கள். வரிகள் வேறு, நீங்கள் பேசுவது வேறு என்றால் இன்னும் சிக்கல், வாசிப்பதும் கேட்பதும் ஒன்றையொன்று கெடுக்கும்.

ஒரு ஸ்லைடை எடுத்துப் பார்ப்போம். தலைப்பு: "வாடிக்கையாளர் புகார்கள், மூன்றாம் காலாண்டு நிலவரம்". கீழே ஆறு வரி, ஒரு வட்ட வரைபடம், அதில் ஏழு நிறம், ஓரத்தில் பொடி எழுத்தில் வண்ண விளக்கம். இதைப் பார்க்கிற மேலாளருக்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று தெரியவே தெரியாது. இப்போது தலைப்பை அழித்துவிட்டு, அந்த ஸ்லைடு போன பிறகு அவர் நினைவில் என்ன இருக்க வேண்டுமோ அதை முழு வாக்கியமாக எழுதுங்கள்: "புகார்களில் பாதி, ஒரே ஒரு விண்ணப்பப் படிவத்தால் வருகிறது." அவ்வளவுதான், வேலையில் பாதி முடிந்தது. அந்த வாக்கியத்தை நிரூபிக்காத எதுவும் ஸ்லைடில் இருக்கத் தேவையில்லை. வட்டம் போய் இரண்டே பட்டை வரும், ஒன்று அந்தப் படிவம், இன்னொன்று மற்றதெல்லாம். ஆறு வரியில் ஐந்து போய்விடும். அப்படி ஒரு முழு வாக்கியம் எழுத வரவில்லை என்றால், அந்த ஸ்லைடில் சொல்ல விஷயமே இல்லை, எடுத்துவிடலாம்.

தலைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது நுரைக் காப்புத் துண்டு ஒன்று பிய்ந்து வந்து இடது இறக்கையில் மோதியது. சேதம் எவ்வளவு இருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் நாசாவுக்குப் பவர்பாயின்ட்டில் விளக்கினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் நம் கணிப்பு எச்சரிக்கையான பக்கமே இருக்கிறது என்கிற தொனியில் ஆறுதலாக இருந்தது. அதே ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில், மோதிய துண்டின் பருமன் 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு. அதாவது அந்தச் சோதனையை வைத்து எதையுமே சொல்ல முடியாது என்பதுதான் உண்மையான செய்தி, அது கடைசி வரியில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். ஸ்லைடுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை; ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த ஸ்லைடை எடுத்துப்போட்டு விமர்சித்தது, தகவல்களைக் காட்சியாகக் காட்டுவதில் நிபுணரான எட்வர்ட் டஃப்டி அதை வரி வரியாகப் பிரித்து எழுதினார். உங்கள் ஸ்லைடின் கடைசி வரியை இன்று ஒருமுறை பாருங்கள். முக்கியமானது அங்கே இருந்தால் தலைப்புக்குத் தூக்குங்கள்.

"ஆனா இந்த ஸ்லைடைத்தானே அப்புறம் மெயில்லயும் அனுப்பணும், வர முடியாதவங்க படிச்சா புரியணுமே" என்பீர்கள். நியாயமான கேள்வி. விவரத்தை ஸ்லைடுக்குக் கீழே இருக்கிற குறிப்புப் பகுதியில் எழுதி, குறிப்போடு சேர்த்து பிடிஎஃப் எடுத்து அனுப்புங்கள். ஒரே ஸ்லைடை மேடைக்கும் மெயிலுக்கும் வைத்தால் இரண்டுக்கும் ஆகாது.

"கவனிக்கிறாங்க, ஆனா புரியல"

1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். ஒருவர் மேஜையில் ஒரு பிரபலமான பாட்டின் தாளத்தைத் தட்ட வேண்டும், இன்னொருவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் தலைக்குள் பாட்டு முழுதாக ஓடுகிறது, எதிரே இருப்பவருக்கு டொக் டொக் மட்டும்தான்.

மூன்று மாதமாக ஒரு புராஜெக்ட்டில் ஊறியவர் பேசுவதும் இப்படித்தான் இருக்கும். வேறு டீமில் இருக்கிற ஒருவரைப் பிடித்து முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் சொல்லிக் காட்டி, எந்த இடத்தில் அவர் முகம் மாறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு சுருக்கெழுத்துப் பெயரில் மாட்டியிருக்கும்.

"நேரம் பத்தல, கடைசி அஞ்சு ஸ்லைடு ஓட்டமா ஓட்டினேன்"

இங்கே இரண்டு பழுது ஒரே மாதிரி தெரியும். ரெக்கார்டிங்கை எடுத்துக் கேளுங்கள். வேகமாகப் பேசியும் நேரம் போதவில்லை என்றால் சரக்கு அதிகம். நிதானமாகப் பேசினால் நேரத்துக்குள் அடங்குகிறது, பதற்றத்தில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் அது வேகம். வேகத்துக்கு மருந்து ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் ஒரு மூச்சு நிறுத்துவது. சரக்குக்கு மருந்து வெட்டுவது, வேறு வழி கிடையாது. இருபது நிமிடம் கொடுத்தால் பதினைந்துக்குத் தயார் செய்யுங்கள், மீட்டிங் எப்படியும் தாமதமாகத்தான் ஆரம்பிக்கும். நேரம் பாதியாகக் குறைந்தால் எதை விடுவது என்று முன்பே முடிவு செய்து, கடைசி ஸ்லைடின் எண்ணை அட்டையில் எழுதி வையுங்கள். பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஓடும்போது அந்த எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கே போய்விடும். நடுவில் இருப்பதையெல்லாம் பரபரவென்று தள்ளிக் காட்ட வேண்டியதில்லை.

"ரெண்டாவது ஸ்லைடுலயே மேலாளர் குறுக்கே கேள்வி கேக்கிறார்"

அவர் குறுக்கிடுவது பெரும்பாலும் அவருக்கு வேண்டிய பதில் பதினெட்டாவது ஸ்லைடில் இருப்பதால்தான். பள்ளிக் கட்டுரை மாதிரி முன்னுரை, வரலாறு, முறை, முடிவு என்று போகாதீர்கள். முடிவு எடுக்க வந்தவர்களுக்கு முதல் நிமிடத்தில் என்ன கேட்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்: "அந்தப் படிவத்தை மாற்ற இரண்டு ஆளும் ஆறு வாரமும் வேண்டும், இன்றைக்கு அனுமதி கேட்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்." இதற்குப் பிறகு வரும் குறுக்குக் கேள்விகள்கூட உங்கள் பக்கமே பேசும். அவருடைய முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பது முந்தைய மூன்று மீட்டிங்கை யோசித்தாலே தெரிந்துவிடும், மனிதர்கள் அப்படி ஒன்றும் மாறுவதில்லை. அதற்கான ஸ்லைடைக் கடைசியில் தனியாக வைத்திருங்கள், கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் சமாளிக்காதீர்கள். "இந்த எண் என்னிடம் இப்போது இல்லை, நாளை மதியத்துக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லி எல்லோர் முன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அனுப்பியும் விடுங்கள். ஒரு தப்பான எண்ணை அடித்துவிட்டால் மீதி இருபது சரியான எண்ணையும் சந்தேகப்படுவார்கள்.

"வாய்க்கு வாய் 'வந்து', 'ஆக்சுவலா'ன்னு வருது"

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இது பெரிய பழுது இல்லை. எல்லா மொழியிலும் மனிதர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள், அடுத்த வார்த்தை வர நேரமாகும் என்று எதிரே இருப்பவருக்குச் சொல்கிற ஒரு சைகை அது. மிதமிஞ்சினால் மட்டும் எரிச்சல். முழுதாக ஒழிக்கப் பார்த்தால் கவனமெல்லாம் அதிலேயே போய் மற்றது கெடும். வாக்கியம் முடியும் இடத்தில் வாயை மூடுவது என்று ஒன்றை மட்டும் பழகுங்கள், பாதி குறைந்துவிடும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்கிற பேச்சுப் பயிற்சி அமைப்பின் கூட்டங்களில் இதை எண்ணிச் சொல்வதற்கென்றே ஒருவரை உட்கார வைப்பார்கள். 1924இல் ஆரம்பித்த அமைப்பு, ஆபத்தில்லாத இடத்தில் அடிக்கடி பேசிப் பழக வேண்டுமென்றால் அதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கையை எங்கே வைப்பது என்று கேட்பவர்களுக்கு: இடுப்புக்கு மேலே, சும்மா. பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 குரலும் உடல்மொழியும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதை நம்பாதீர்கள். அந்தக் கணக்குக்கு மூலமான, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த சோதனைகள் ஒற்றைச் சொல்லை வைத்து, ஒருவரின் உணர்ச்சியை எதிராளி எப்படி ஊகிக்கிறார் என்று பார்த்தவை. உங்கள் பட்ஜெட் விளக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"எனக்குப் பழக்கமில்லாத மொழியில பேச வேண்டியிருக்கு"

உங்கள் மொழியில் நீளமாக எழுதி, அதை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்வதுதான் இதில் பெரிய பொறி. வாய்க்கு வராத வாக்கியங்களாக வந்து நிற்கும். நேராக அந்த மொழியிலேயே, உங்களுக்குச் சரளமாக வருகிற சின்ன வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். எண்கள், ஆட்களின் பெயர்கள், ஆண்டுகள் ஆகியவற்றைத் தனியாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் வரும். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வேகத்தைக் குறைத்தாலே புரியும். கேள்வி புரியவில்லை என்றால் "நீங்கள் கேட்பது செலவைப் பற்றியா, கால அளவைப் பற்றியா?" என்று திருப்பிக் கேளுங்கள், ஊகித்துப் பதில் சொல்வதை விட அது எவ்வளவோ மேல்.

"ஆன்லைன் மீட்டிங்ல சுவத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு"

எல்லோரும் கேமராவை அணைத்திருப்பார்கள், தலையாட்டல் எதுவும் திரும்பி வராது, அதனால் வேகம் தானாக ஏறும். "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் மௌனம்தான் மிஞ்சும். முன்கூட்டியே ஒருவரிடம் சொல்லிவைத்து, பெயர் சொல்லி அவரிடம் கேளுங்கள். திரை முழுவதையும் பகிராமல் அந்த ஒரு ஜன்னலை மட்டும் பகிருங்கள், வீட்டிலிருந்து வரும் மெசேஜை மொத்த டீமும் படிக்க வேண்டாம்.

"கருவி காலை வாரிடுச்சு"

எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. சேமிக்கும்போதே எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்துவிடுங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் இருக்கட்டும். புரொஜெக்டரில் எதுவும் வரவில்லை என்றால் விண்டோஸில் விண்டோஸ் விசையும் P விசையும் சேர்த்து அழுத்தினால் திரைத் தேர்வு வரும். பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஓடும்போது வெறும் B விசையைத் தட்டினால் திரை கறுப்பாகும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். மறுபடி தட்டினால் ஸ்லைடு திரும்பி வரும். நடுவில் வெளியே வந்துவிட்டால் ஷிஃப்ட்டோடு எஃப்5, நின்ற ஸ்லைடிலிருந்தே தொடங்கும். இரண்டு நிமிடத்துக்குள் சரியாகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், முதல் சோதனையில் ஸ்லைடு இல்லாமல் மூன்று நிமிடம் பேசிப் பார்த்தீர்களே, அதைப் பேசுங்கள்.

"சரியாச்சா இல்லையான்னே தெரியல"

முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்துச்சு" என்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் வராது. மறுநாள் டீ குடிக்கும்போது ஒருவரிடம் "நேத்து நான் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் முதல் நிமிட வாக்கியத்தோடு ஒத்துப்போனால் அந்தப் பக்கம் பழுதில்லை. "ஏதோ புகார் பத்தி..." என்று இழுத்தால் ஸ்லைடின் தலைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.